எதிர் நாற்காலி

நகராட்சியின் அபராதப் பிரிவில், அந்த நாட்களில், அதிகாரிக்கு எதிரே ஒரு மர நாற்காலி இருந்தது. ஒரு கால் சற்றே குட்டை. பிடிபட்டவர் அதில் ஆடியபடி உட்கார்ந்து தன் தரப்பைச் சொல்வார். அதுவரை மேசைமேல், அபராதத் தாளில் குத்தும் ரப்பர் முத்திரை காத்திருக்க வேண்டும்.

"மழைக்காகத்தான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன் ஐயா" என்று கொய்யாப்பழக்காரர் ஒருவர் சொன்னதும், அதிகாரி முத்திரையை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார்.

"நாற்காலியாரே, உம்மால் என் பிழைப்பே கெடுகிறது" என்று முத்திரை சலித்துக்கொண்டது.

நேரம் மிச்சமாகட்டும் என்று ஒருநாள் நாற்காலியைப் பின்னறைக்குத் தள்ளினார்கள். அதன்பின் முத்திரை மதியத்துக்குள் எழுபது தாள்களில் விழுந்தது. அதற்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை தாளில் எழுத்துகள் மங்கலாக விழுந்தன. "மைப்பெட்டிதான் காய்ந்துவிட்டது, என்மேல் தவறில்லை!" என்று முத்திரை கத்தியது. யாரும் கேட்கவில்லை. கழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் முத்திரையைச் சேர்த்தார்கள். பட்டியலுக்கும் முத்திரை வேண்டுமே! மைப்பெட்டியில் புது மை ஊற்றி, அந்த முத்திரையையே எடுத்துக் குத்தினார்கள். அச்சு பளிச்சென்று விழுந்தது.

பின்னறையில் அதை வீசியபோது நாற்காலியின் மடியில் போய் விழுந்தது.

"அந்தக் கொய்யாப்பழக்காரர் எவ்வளவு நேரம் பேசினார்!" என்றது முத்திரை.

நாற்காலி குட்டைக்காலில் மெல்ல ஆடியது. "இப்போது நீர் உட்கார்ந்திருக்கிறீர். நடந்ததைச் சொல்லும்."