ஒரே கட்டையில் நான்கு

பக்கத்து மேஜையில் என் கட்டை இருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் கட்டையைத்தான் நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேனே!

ஆர்க்கிட் கண்காட்சியில் அந்தப் பிரிவுக்கு ஐந்தே மேஜைகள். ஒரே மரக்கட்டையில் பல வகைகளைச் சேர்த்து வளர்க்கிற பைத்தியங்கள் அவ்வளவு பேர்தான். பார்க்க அழகாக இருக்கும், வளர்ப்பதற்குள் உயிர் போய்விடும். ஒன்று தண்ணீர் தண்ணீர் என்று அலையும், இன்னொன்று அதே தண்ணீரில் அழுகிப்போகும்.

என் கணவருக்கு இது கைவந்த வேலை. ஈரம் அதிகம் பிடிக்காத கேட்லியாவை உச்சியில் கட்டுவார். நடுவில் இரண்டு வகை. எந்நேரமும் ஈரம் கேட்கும் குட்டிச் செடியை அடியில், பாசியோடு. உச்சியில் தெளிக்கிற தண்ணீர் வழிந்து இறங்கி, அதது கேட்ட அளவு அததற்குக் கிடைத்துவிடும்.

பக்கத்து மேஜையிலும் அதே நான்கு வகைகள். அதே வரிசை.

அதுகூடப் போகட்டும். ஊரெல்லாம் மீன்பிடி நரம்பில்தான் செடியைக் கட்டும், வேர் பிடித்ததும் கழற்றிவிடும். இவர் வேலையில் மிஞ்சிய பச்சை ஒயரில் கட்டுவார், கழற்றவே மாட்டார். மூன்று சுற்று, முனையை மடக்கி உள்ளே ஒரு செருகல். குளிர்பதனக் கிடங்குகளில் குழாய் கட்டிப் பழகிய கை.

அந்தக் கட்டையிலும் பச்சை ஒயர். மூன்று சுற்று. ஒரு செருகல்.

கண்காட்சிப் பக்கமே போகக்கூடாது, செடி அதிர்ந்தால் வேர் விட்டுப்போகும் என்று ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான்தான் கேட்காமல், அவர் வெளியூர் போன சமயம் பார்த்து, இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

அந்த மேஜைக்குரிய அம்மா தண்ணீர்க் குப்பியோடு வந்தார். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாம எடுத்துட்டு வந்திருக்கேன். தெரிஞ்சா சாமியாடிடுவாரு.”

பிறகு நான் கேட்காமலே மளமளவென்று கொட்டினார். வீட்டுக்காரர் கிடங்கு மெக்கானிக்காம். மாதத்தில் பாதி நாள் வெளியூராம். இந்தத் தடவை திங்கட்கிழமைதான் வீடு வந்தாராம். இப்போது முடிவெட்டப் போயிருக்கிறாராம், அந்த இடைவெளியில்தான் இந்த அம்மா கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாராம்.

திங்கட்கிழமை காலையில்தான் என் கணவருக்கு நான் பெட்டி அடுக்கிக் கொடுத்தேன்.

கட்டையை மேஜையில் வைத்துவிட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக மனதுக்குள் அவரை அவன், இவன் என்றேன்.

அப்புறம் கோபம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. என் குடியைக் கெடுத்துவிட்டு என்னிடமே பல்லைக் காட்டுகிறாள். இத்தனை பேர் நடுவில் இவள் மானத்தை வாங்கிவிட்டுத்தான் பஸ் ஏறுவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன் ஒன்று தெரிந்தாக வேண்டும். இது எத்தனை வருஷமாக நடக்கிறது?

அதை அவளிடம் கேட்கத் தேவையில்லை. உச்சியில் இருக்கிற இந்தக் கேட்லியா வருஷத்துக்கு ஒரு தண்டு விடும். ஒன்றை அடுத்து ஒன்றாக, வரிசையாக. பழைய தண்டு சுருங்கினாலும் உதிராது. என்னுடையதில் பன்னிரண்டு தண்டுகள். கட்டும்போதே மூன்று இருந்தன. மற்ற ஒன்பதும் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு வந்தவை.

பூவை ரசிப்பதுபோலக் குனிந்து எண்ணினேன். நான்கு, ஐந்து வந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடலாம்.

ஒன்பது வந்தது. பத்து வந்தது. பன்னிரண்டைத் தாண்டியும் தண்டுகள் போய்க்கொண்டே இருந்தன.

பதினெட்டு.

திரும்ப எண்ணினேன். பதினெட்டுதான். பதினெட்டாவதை ஒட்டி, பழைய முனையில், கத்தி பட்டுக் கறுத்து ஆறிய ஒரு தழும்பு.

நான் கேட்க நினைத்ததைப் புரிந்துகொண்டதுபோல அந்த அம்மா அதைத் தொட்டுக் காட்டினார். யாரோ கூட வேலை செய்கிறவருக்குக் கல்யாணம் என்று, பரிசாகக் கொடுக்க, நான்கு செடியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டி எடுத்துப் போனாராம் அவர் வீட்டுக்காரர். இதிலிருந்து மூன்று தண்டு. ஒன்பது வருஷம் இருக்குமாம். பரவாயில்லை, யார் வீட்டிலாவது நன்றாக வளர்ந்தால் சரி என்றார்.

என் கட்டையின் பழைய முனையில் இருந்த அந்த மூன்று தண்டுகளைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்போதுதான் அந்த அம்மா என் மேஜைப் பக்கம் திரும்பினார். அழகாக இருக்கிறதே, யார் கட்டிக் கொடுத்தது என்று கேட்டுக்கொண்டே, தலைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

அதை மாட்டுவதற்குள் நான் கட்டையைப் பைக்குள் இறக்கிவிட்டேன். அவசரத்தில் வேர் ஒன்று முறிந்தது.

“கடையில வாங்கினது, அக்கா.”