ஒரே ஒரு மீட்டர்

"ஊர்ல இத்தனை வீடு இருக்க, தினமும் அந்த ஒரு மீட்டரை மட்டும் எதுக்குப் பாக்கறா?"

செக்‌ஷன் தலைவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆபீஸில் அவருக்குப் 'பூட்டு சார்' என்று பெயர். டீ குடிக்க எழுந்தால்கூடக் கம்ப்யூட்டரைப் பூட்டி, டிராயரைப் பூட்டி, பூட்டியதை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

அது தண்ணீர் சப்ளை கம்பெனி. எப்போது குழாய் திறந்தது, எவ்வளவு ஓடியது என்று வீட்டுக்கு வீடு மீட்டர்கள் ஓயாமல் தகவல் அனுப்பும். அத்தனையும் கிளவுடில் ஃபைல் ஃபைலாகக் குவிந்து கிடக்கும். அதையெல்லாம் ஆபீஸ் டேட்டாபேஸுக்குள் கொண்டுவந்தால் தாங்காது. அதனால் டேட்டாபேஸில் பேருக்கு ஒரு டேபிள். உள்ளே ஒன்றும் இருக்காது. கேள்வி கேட்டால் அது நேரே கிளவுடுக்குப் போய், ஃபைலைப் படித்துப் பதிலோடு வரும். யார் என்ன கேட்டார்கள் என்பது மட்டும் பதிவாகிவிடும்.

அந்தப் பதிவில்தான் அவள் மாட்டினாள். புகார் பிரிவில் போன் எடுத்துக்கொண்டிருந்தவள். படித்துத் தேறி இங்கே மாறி வந்திருந்தாள். காலையில் பையை வைத்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வியே இதுதான்: இந்த மீட்டரில் இன்று தண்ணீர் ஓடியதா?

"இதுல என்ன சார் இருக்கு?" என்றார் பக்கத்து சீட்காரர்.

"என்ன இருக்கா? தண்ணி ஓடினா வீட்ல ஆள் இருக்கு. ஓடலைன்னா வீடு காலி. திருடனுக்கு இதைவிட வேற என்னய்யா வேணும்?"

பக்கத்து சீட்காரர் முகம் மாறியது. "அது யார் வீடுன்னு பாத்துடுங்களேன்."

பார்க்க வழியில்லை. மீட்டருக்குச் சொந்தக்காரர் யார் என்ற விவரத்தை எவரும் தொட முடியாதபடி மறைத்து வைத்தவரே அவர்தான். இப்போது அவருக்கே அது திறக்காது.

மறுநாள் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தார். அவள் வந்தாள். கேள்வியைப் போட்டாள். பதிலைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள்.

பூனை மாதிரி பின்னாலேயே போனார்.

"அப்பாடா!... இல்லல்ல, இங்க யாருக்கும் தெரியாது. சார்கிட்ட மூச்சு விடமாட்டேன்" என்று அவள் கிசுகிசுப்பது காதில் விழுந்தது.

"உள்ள வா" என்றார்.

அறைக் கதவைச் சாத்தினார். "யாருக்காக வேவு பாக்கறே?"

"தப்புதான் சார். ஆனா நீங்க நினைக்கற மாதிரி இல்ல."

"பின்னே எந்த மாதிரி?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"என்கிட்ட சொல்லாட்டி போலீஸ்கிட்ட சொல்லிக்கோ."

"புகார் பிரிவுல இருந்தப்ப ஒரு அம்மா போன் பண்ணாங்க. தனியா இருக்கறவங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாம பகல் பூரா அங்கேயே கிடந்திருக்காங்க. 'நான் குழாயைத் திறந்தா உங்களுக்குத் தெரியுமாமே. என்னிக்காச்சும் திறக்கலைன்னா எனக்கு ஒரு போன் பண்ணுவியா கண்ணு'ன்னு கேட்டாங்க. மீட்டர் நம்பரையும் அவங்களேதான் படிச்சுச் சொன்னாங்க."

"ஏன், பிள்ளைகுட்டி கிடையாதா?"

"ஒரு பையன். இதே ஊர்தான். பெரிய வேலையாம், தொந்தரவு பண்ணக் கூடாதாம்."

"பெத்தவளை இப்படி விட்டவனெல்லாம் ஒரு மனுஷனா? த்தூ!" என்றவர், சட்டென்று கண்ணைச் சுருக்கினார். "கதை நல்லாத்தான் இருக்கு. நம்பணுமே! போனைப் போடு. ஸ்பீக்கர்ல போடு."

"வேணாம் சார்." அவள் கெஞ்சினாள். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"மிரட்டறியா? போடுன்னா போடு!"

போட்டாள்.

"என்னம்மா, மறுபடியும்? இப்பத்தானே பேசினோம்? அசந்து தூங்கிட்டேன், அவ்வளவுதான். குழாயைத் திறந்தாச்சு, வேணும்னா பாத்துக்கோ" என்று சிரித்தது ஒரு குரல்.

பூட்டு சார் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"ஏன் பேசாம இருக்கே? மாட்டிக்கிட்டியா?" குரலில் இப்போது கவலை. "உங்க ஆபீஸ்ல இருக்கானே என் பையன், அவன் காதுக்கு மட்டும் போகாம பாத்துக்கோ கண்ணு. எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படுவான், உன் வேலைக்கே உலை வச்சிடுவான்!"