பலகையில் மூன்று காரணங்கள்

“நம்ம ஆப்பை ஏத்தி வெக்க கிளவுடுன்னா பெரிய கம்பெனிதான். எத்தனை பேர் ஒரே நேரத்துல வந்தாலும் சர்வர் படுக்காது,” என்று பலகையில் மூன்றாவது காரணத்தை எழுதினார் அவள் கணவர்.

“சின்ன கம்பெனியில போன் பண்ணினா மனுஷன் எடுப்பான். உங்க பெரிய கம்பெனியில ரோபோவோடதான் மல்லுக்கட்டணும்,” என்றாள் அவள், விடாமல்.

“வாயாடி! மிச்சத்தை நாளைக்கு வெச்சுக்கலாம்,” என்று சிரித்தபடி பேனாவை மூடினார். விடிவதற்குள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

இருவரும் சேர்ந்து நடத்திய அலுவலகத்தில் அந்த ஒரு முடிவு மட்டும் எடுக்கப்படாமல் கிடந்தது. ஒரு மாதம் கழித்து டெவலப்பர் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அக்கா, பெரிய கம்பெனியிலேயே போட்டுடலாமா? சாரோட கடைசி ஆசையாச்சே.”

“அவரோட ஆசை சின்ன கம்பெனிம்மா.”

“பலகையில அவர் கையெழுத்துல இருக்கே?”

“பெரியது என்னோட ஆசை. முடிவெடுக்கறதுக்கு முன்னாடி ஒருத்தர் கட்சியை இன்னொருத்தர் பேசிப் பாக்கணும். அது எங்க வழக்கம். எனக்கே தோணாத காரணமெல்லாம் எனக்காக எழுதினார். நான் அவர் கட்சியைப் பேசினேன்.”

“அப்போ எதை எடுக்கறது?”

“சின்னதையே எடு.”

“சாருக்காகவா?”

“இல்லம்மா. அவருக்காகப் பேசிப் பேசி எனக்கே அதுதான் சரின்னு பட்டுடுச்சு. மறுநாள் காலையில அவர்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்.”

அன்றே ஆப் சின்ன கம்பெனிக்குப் போனது. அவள் கட்சிக்காக அவர் எழுதிய மூன்று காரணங்களும் பலகையில் அப்படியே இருக்கின்றன.