அஞ்சாம் பக்கம்

"யார் எந்தப் பேப்பரை எடுக்கறாங்கன்னு நான் பாத்துக்கறேன். நீங்க எதையும் தொடாதீங்க" என்று காலையிலேயே சொல்லிவிட்டார் மேனேஜர்.

ரிசப்ஷனில் இருந்தவளுக்கு இது பழகிப்போன கூத்து. குடோனுக்கு ஆள் எடுக்கும் நாளில், காத்திருக்கும் அறை மேஜையில் நாலு பேப்பர் பரப்பி வைக்க வேண்டும். தலையங்கம் பெரிதாகப் போடும் பேப்பர், வியாபாரப் பேப்பர், விளையாட்டுப் பேப்பர், கடைசியாக ஒரு கிசுகிசுப் பேப்பர். மேனேஜர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து மார்க் போடுவார்.

"பயோடேட்டாவுல ஆயிரம் புளுகலாம். எடுக்கற பேப்பர் ஆளைக் காட்டிக் குடுத்துடும்" என்பார்.

கிசுகிசுப் பேப்பரை எடுத்த ஒருவருக்கும் இதுவரை அங்கே வேலை கிடைத்ததில்லை.

இன்று மூன்று பேர் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவளுடைய அக்கா போனில் ஒரு படம் அனுப்பினாள். கீழே ஒரு வரி: 'அஞ்சாம் பக்கம் பாத்தியாடி?'

பார்த்தாள்.

அவளுடைய கல்யாணப் போட்டோ. மேலே கொட்டை எழுத்தில், 'மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் கணவன் ஓட்டம்!'

புருஷன் வீட்டை விட்டுப் போய் மூன்று வாரம் ஆகிறது. போலீஸ் ஸ்டேஷனில் அழுதுகொண்டே அவள் கொடுத்த போட்டோ எப்படியோ கிசுகிசுப் பேப்பர்காரன் கைக்குப் போயிருக்கிறது. ஆபீசில் யாருக்கும் தெரியாது. வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தாள்.

அந்தப் பேப்பர் இப்போது எட்டடி தள்ளி மேஜைமேல் கிடந்தது. எழுந்து போய் எடுக்கலாமென்றால் கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜர்.

டை கட்டியவர் தலையங்கப் பேப்பரை எடுத்தார். தாடிக்காரர் வியாபாரப் பேப்பரை எடுத்தார். மூன்றாவதாக வந்த கட்டம் போட்ட சட்டைக்காரர், யோசிக்கவே இல்லை, நேராகக் கிசுகிசுப் பேப்பரை எடுத்துப் பிரித்தார்.

காலையில் அவருடைய விண்ணப்பத்தைப் பார்த்து அவளே பாவப்பட்டிருந்தாள். குடோனில் பதினாலு வருஷ அனுபவம். கம்பெனியை மூடியதால் பத்து மாசமாக வேலையில்லை.

இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். அஞ்சாம் பக்கம்.

அவர் கை நின்றது. பேப்பரைப் பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடி பேப்பர்.

அவள் கம்ப்யூட்டரின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். காது மடல் எரிந்தது. அதற்கப்புறம் அவர் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

'பாரு, நல்லா பாரு. இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?' என்று மனதுக்குள் வைதாள்.

அரைமணி ஆயிற்று. டை கட்டியவர் நெளிந்தார்.

"சார், அதைக் கொஞ்சம் குடுங்க, பாத்துட்டுத் தரேன்."

"இன்னும் முடிக்கலைங்க."

"ஒரே பக்கத்தையே எவ்வளவு நேரம் பாப்பீங்க? நடுத்தாளையாவது குடுங்களேன்."

"குடுக்க முடியாதுங்க."

என்ன மனுஷன்! அடுத்தவள் மானம் போவதில் இப்படி ஒரு ருசியா என்று நினைத்தாள்.

மற்ற இருவரும் போய் வந்த பிறகு தன் பேர் கூப்பிட்டதும், கட்டம் போட்ட சட்டைக்காரர் பேப்பரை நாலாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டே உள்ளே போனார். அவர் வெளியே வந்ததும் இன்டர்காம் அடித்தது.

"மூணாவது ஆள் பேரை அடிச்சிடுங்க" என்றார் மேனேஜர். "முக்கால் மணி நேரம் அந்தக் குப்பையை விடலை. உள்ளயும் தூக்கிட்டு வந்துட்டார். டை கட்டினவருக்கு ஆர்டர் அடிங்க."

பட்டியலில் அவர் பேரை அவள் அழுத்தியே அடித்தாள். நன்றாக வேண்டும் என்று தோன்றியது.

கட்டம் போட்ட சட்டைக்காரர் அவள் மேஜைக்கு வந்தார். மடித்த பேப்பரைக் கீபோர்டுக்கு அடியில் செருகினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இதை நீங்களே வெச்சுக்குங்கம்மா. அந்த ரெண்டு பேரும் பாக்கலை." குரலை இன்னும் தாழ்த்தினார். "எங்க வீட்டுலயும் இதைத்தான் வாங்கறோம். நாளைலேருந்து வேண்டாம்."

போய்விட்டார்.

அவள் அடித்த பேரையே பார்த்தாள். பேப்பரைக் கிழித்துக் குப்பையில் போட்டால் முடிந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியாது. டை கட்டியவர் நாளைக்கு வேலைக்கு வருவார்.

எழுந்தாள். பேப்பரை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போய், அஞ்சாம் பக்கத்தை அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

"அவர் படிக்கலை சார். யாரும் படிச்சிடாம பிடிச்சுக்கிட்டிருந்தார்."

மேனேஜர் போட்டோவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இந்தக் கண்றாவியை எல்லாம் யாரும்மா நம்ம ஆபீசுக்குள்ள கொண்டுவந்து போடறது?"

"நீங்கதான் சார். மார்க் போடறதுக்கு."

மேனேஜர் வாட்ச்மேனுக்குப் போன் போட்டார்.

"கட்டம் போட்ட சட்டையில ஒருத்தர் வெளிய வருவார். நிறுத்தி வை… இல்லப்பா, உக்கார வை. நானே வரேன்." போனை வைக்கப் போனவர் மறுபடி காதில் வைத்தார். "பேப்பர் கீப்பர் எதுவும் குடுத்துடாதே."