மூன்றாவது டம்ளர்

மாதுங்கா வீட்டுக் கூடத்தில் பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி ஜாதகத்தை நீட்டினாள்.

"கிட்டுவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷமாச்சு, மாமி. இந்தப் பொண்ணோட அம்மாவுக்கு எட்டுப் பிரசவம். ரெண்டாந்தாரமா வரச் சம்மதம்."

"பொண்ணு லக்ஷணமா இருப்பாளோ?" என்று கேட்டாள் மாமியார் அலமேலு.

சமையலறையில் மூன்று டம்ளர்களில் ரேஷன் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்த மருமகள் விசாலாக்ஷி, கரண்டியை வைத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றாள்.

"கிளி மாதிரி இருப்பா. பேரனுக்கு ஏங்கற தவிப்பு, பெத்தவளுக்குத்தானே தெரியும்!"

"எனக்கும் இப்படித்தான் ஒருத்தி சக்களத்தி பார்த்தா. எங்காத்துக்காரர் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு, தம்பி பிள்ளையை ஸ்வீகாரம் எடுத்துண்டார்."

நாகலக்ஷ்மி விழித்தாள். "அப்போ கிட்டு...?"

"நானும் பெறாதவதான்."

ஜாதகத்தை அவள் மடியில் போட்டாள் அலமேலு.

"விசாலம், காப்பி ரெண்டு டம்ளர் போதும். உனக்கும் எனக்கும்."