துணைக்கு வந்தவர்

"என் மனைவிக்கு இங்கிலீஷ் வராது. தமிழ் மீடியம். நான்தான் ட்ரான்ஸ்லேட் பண்ணணும்."

குமாரசாமி டீச்சரிடம் இதை இங்கிலீஷில் சொல்லிவிட்டு, வகுப்பைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்தான்.

சன்னிவேல் கம்யூனிட்டி சென்டரில் சனிக்கிழமை வகுப்பு. கவலையைக் கையாளக் கற்றுத் தருகிறார்கள். தூக்கம் வரவில்லை என்று டாக்டர் ஷ்யாமளாவிடம் அவன் மனைவி புஷ்பவல்லி சொல்லப்போக, கிடைத்த வைத்தியம் இது.

"வீட்டுல சும்மா இருக்கிற உனக்கு என்ன புள்ள கவலை?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான்.

காரணம் அவனிடம்தான் இருந்தது. 2001 மார்ச்சில் கம்பெனி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. அந்தப் பாதியில் அவனும் ஒருவன். வேலை போனால் விசாவும் போகும். மனைவியிடம் மூச்சு விடவில்லை. தினமும் அவள் கட்டித் தரும் சாப்பாட்டோடு கிளம்பி, ஒரு பூங்கா ஓரம் காரை நிறுத்தி, சாயங்காலம் வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

டீச்சர் ஆளுக்கு ஓர் உலர்ந்த திராட்சை கொடுத்தார்.

"ஏனுங்க, இது பாயசத்துக்குப் போடறதுதானே?"

"அதேதான். இங்க கவனிச்சுத் திங்கணும்."

டீச்சர் மெல்லிய குரலில் இங்கிலீஷில் சொன்னார்: "உங்கள் மேலேயே கருணை வையுங்கள்."

"புருஷன் மேல கருணை வைக்கச் சொல்றாங்க" என்றான் குமாரசாமி.

"சரிங்க."

"தவறு செய்த நண்பரிடம் எவ்வளவு கனிவாகப் பேசுவீர்களோ, அப்படி உங்களிடம் பேசுங்கள்."

"ஃப்ரெண்ட்ஸ்கிட்ட ரொம்ப நேரம் ஃபோன் பேசக் கூடாதாம்."

"அவங்க சொன்னது இன்னும் நீளமா இருந்துச்சுங்களே?"

"இங்கிலீஷ் அப்படித்தான். வளவளன்னு இருக்கும்."

டீச்சர் அடுத்ததற்கு வந்தார்: "ஒளித்து வைக்கிற பயம் வளரும். உங்களை நேசிப்பவரிடம் சொல்லிவிடுங்கள்."

குமாரசாமி வாயைத் திறந்தான். மூடினான். திராட்சை தொண்டையில் சிக்கியது போல இருமினான்.

"என்னங்க சொல்றாங்க?"

"தண்ணி... நிறையத் தண்ணி குடிக்கச் சொல்றாங்க."

புஷ்பவல்லி பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, அவனிடமே நீட்டினாள்.

கடைசியில் டீச்சர் சின்ன மணி ஒன்றை அடித்து, எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். புஷ்பவல்லி மூடவில்லை. பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிய அவன் இமைகளின் ஓரத்தில் ஈரம் கசிந்தது.

வெளியே வந்து காரில் ஏறியதும் பழைய குமாரசாமி திரும்பிவிட்டான்.

"அடுத்த சனிக்கிழமையும் இந்தக் கூத்துக்கு வரணுமா?"

"வரணுங்க."

"உனக்கு ஒரு வார்த்தை புரியல. டைம் வேஸ்ட் புள்ள."

அவள் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"மார்ச் மாசமே உங்க ஆபீஸ்ல இருந்து ஃபோன் பண்ணினாங்க. உங்க மேஜை மேல நம்ம கல்யாண போட்டோவை விட்டுட்டுப் போயிட்டீங்களாம். பஸ்ல போய் வாங்கிட்டு வந்து பத்திரமா வெச்சிருக்கேன்."

சாவியைத் திருகப் போன அவன் கை அப்படியே நின்றது. வேறெதுவும் கேட்கத் தோன்றாதவன் போலக் கேட்டான்:

"இங்கிலீஷ்லயா பேசினாங்க?"

"இங்கிலீஷ்லதாங்க. நான் தமிழ் மீடியம்தான், செவிடு இல்லை. ராத்திரியெல்லாம் தூங்காமப் புரள்றது நீங்க. கவலை வகுப்புக்கு வாங்கன்னா வருவீங்களா? ட்ரான்ஸ்லேட் பண்ண வாங்கன்னேன், வந்தீங்க."