பக்கத்து வீட்டுப் புகார்

“டீச்சர்! வெளிய வாங்க! வந்து கண் குளிரப் பாருங்க!”

பரஞ்சோதி போட்ட சத்தத்தில் அந்த வரிசை வீடுகளே கேட்டுக்கு வந்துவிட்டன.

மாஜ்லிஸ் எனப்படும் நகராண்மைக் கழகத்தின் அதிகாரிகள் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தார்கள். அனுமதி இல்லாத கட்டடம், வேலையை உடனே நிறுத்து என்று அவர் வீட்டுக் கேட்டில் நோட்டீஸ். சமையலறைக்கு மேலே எழும்பிக்கொண்டிருந்த மாடி அறை கூரையில்லாமல் நின்றது.

மகள் நளினிக்குத் தலைப்பிரசவம். பினாங்கிலிருந்து வருகிறவளுக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் என்று ஆசை ஆசையாய்க் கட்டிய அறை அது.

“பிளான் வரைஞ்சு, இன்ஜினியர் சைன் வாங்கி, மாஜ்லிஸ்ல அனுமதி கிடைக்கிறதுக்குள்ள உங்க பேரன் நடக்க ஆரம்பிச்சிடுவான் அண்ணே” என்று வேலை தொடங்கும்போதே சொல்லியிருந்தார் கண்ட்ரெக்டர் குணாளன். “இந்தத் தாமான் வீடுகள்ல யார்லா பெர்மிட் எடுத்துக் கட்டுறா? யாராச்சும் போட்டுக் கொடுத்தாத்தான் வருவாங்க.”

யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். யார் என்பதில் பரஞ்சோதிக்குச் சந்தேகமே இல்லை. நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது என்பதால், சம்மதம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கேதரின் டீச்சரிடம் போயிருந்தார்.

“பிளான் பாஸாகட்டும் அண்ணே, உடனே சைன் போடுறேன்” என்று சொல்லியிருந்தார் டீச்சர்.

இப்போது ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். பாலர் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை.

“மாஜ்லிஸுக்குப் போன் போட்டது நீங்கதானே?”

டீச்சர் கேட்டருகே வந்து நின்றார்.

“என் மக பிள்ளையோட வந்து இருக்கப்போற இடம். அது உங்களுக்கு எங்க புரியும்? ஒண்ணாவது பெத்திருந்தாத்தானே தெரியும்!”

எதிர் வீட்டுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“ஐயோ, வேணாங்க...” பின்னாலிருந்து மனைவி பிரேமாவதியின் குரல் வந்தது. 

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரேமாவதியை ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“ஆமாண்ணே. நான்தான்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“பார்த்தியா! அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க!” என்று மனைவியிடம் ஜெயித்த மாதிரி சொன்னார் பரஞ்சோதி.

நோட்டீஸ் வந்தபின் வேறு வழியில்லை. முறைப்படி விண்ணப்பிக்க ஓர் இன்ஜினியரைக் கூட்டிவந்தார். வந்தவர் மாடிக்கு ஏறவே இல்லை. சமையலறையில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, முதல்ல இங்கேருந்து வெளிய வாங்க” என்று பிரேமாவதியை நகரச் சொன்னார்.

“என்ன தம்பி?” என்றார் பரஞ்சோதி.

“அங்கிள், இது மாடி இல்லாத வீட்டுக்குப் போட்ட அஸ்திவாரம். உங்க பீம் இப்பவே இறங்கியிருக்கு. மேல கூரையும் போட்டு, ஆளும் குடியேறியிருந்தா அவ்வளவுதான். மொத்தமும் கீழ வந்திருக்கும்.”

மேலே மகளும் பிள்ளையும். கீழே அடுப்படியில் மனைவி. பரஞ்சோதி அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அறையை இடித்தார்கள். இடித்த கல்லையும் மண்ணையும் லோரி அள்ளிக்கொண்டு போனது. தெருவில் வைத்துச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் எதிலும் ஏற்றி அனுப்ப முடியவில்லை. சோற்றைப் பிசைந்தால் அதுதான் காதில் கேட்டது.

டீச்சர் சர்ச்சுக்குக் கிளம்பும் நேரத்தில், அவர் கண்ணில் படாமலிருக்கப் பரஞ்சோதி தன் காருக்குள் குனிந்து உட்கார்ந்துகொண்டார். டீச்சரோ கண்ணாடியைத் தட்டி, “நளினி எப்படி அண்ணே இருக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

“கிளம்பு பிரேமா. அவங்க கால்ல விழுந்தாலும் தகும்.”

“நீங்க மட்டும் போய்ட்டு வாங்களேன்...”

“எல்லார் முன்னாலயும் அசிங்கப்படுத்தினேன். நீயாச்சும் கூட வா.”

டீச்சர் வீட்டு ஹாலில் நின்று பரஞ்சோதி கையெடுத்துக் கும்பிட்டார்.

“டீச்சர், நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்பே கிடையாது. நீங்க மட்டும் அன்னைக்குப் புகார் கொடுக்கலன்னா, என் மக... என் பேரப்பிள்ளை...”

“அதையெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேண்ணே. உட்காருங்க, தேத்தண்ணி கலக்குறேன்.”

வாசற்படியைத் தாண்டாமல் நின்றிருந்த பிரேமாவதி விம்மினாள்.

“போதும் டீச்சர். இன்னும் எத்தனை நாளைக்கு நீங்க சுமப்பீங்க?”

பரஞ்சோதி திரும்பிப் பார்த்தார்.

“கிச்சன் சுவர் விரிசல் விடுதுன்னு சொல்லச் சொல்ல, ‘உனக்கென்ன தெரியும்’னு என்னை அடக்கினீங்க. பயத்துல டீச்சர் வீட்டுல வந்து நின்னு மாஜ்லிஸுக்குப் போன் போட்டது நான்தாங்க. நீங்க கத்தினப்ப எனக்கு வாய் திறக்கலை. என் மேல விழ வேண்டியதை எல்லாம் இவங்க வாங்கிக்கிட்டாங்க. பிள்ளை இல்லைன்னு நீங்க சொன்னீங்களே, அதையும் சேர்த்து.”